மிஷின் கத்திய இடம்

நாலு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஒரகடம் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பெண்கள் வெளியே போகும் வாசலில் நான் லேடி செக்யூரிட்டி. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் இரண்டு மணிக்கு நூற்றுக்கணக்கான பெண்கள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருத்தியின் உடம்பிலும் மெட்டல் டிடெக்டரை ஓட்டிப் பார்த்து அனுப்ப வேண்டும். மிஷின் கத்தினால் நிறுத்திச் சோதித்து, உடம்பில் எந்த இடம், என்ன கிடைத்தது என்று ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். நான் கொஞ்சம் முன்கோபி. என் வாசலைத் தாண்டி ஒரு ஸ்க்ரூகூட போகாது என்று பீற்றிக்கொள்வேன். அந்தத் திமிர் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இருபத்திரண்டு வயது, பக்கத்து ஊரான வல்லம் வடகாலில் தோழிகளோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். பதினோரு மாதம் என் வாசல் வழியாகப் போனவள். ஒரு நாளும் அவளிடம் மிஷின் கத்தியதில்லை. வயிற்றில் கட்டி என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டு, ஒன்றரை மாத லீவு முடிந்து வந்தாள். வந்த முதல் நாளே அடிவயிற்றின் வலது பக்கம் மிஷின் கத்தியது.

"இன்னாமே எடுத்துகினு போறே?" என்று அதட்டினேன். அவள் விழித்தாள். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் உடையை விலக்கிப் பார்த்தேன். ஒரு ஊக்குகூட இல்லை. சிவந்த தழும்பு மட்டும் இருந்தது. வெறும் தோல் மேல் மிஷினை வைத்தேன். அப்போதும் கத்தியது.

மறுநாள் பேட்டரியை மாற்றினேன். அதற்கடுத்த நாள் வேறு மிஷின் கேட்டு வாங்கினேன். சுவரில் வைத்தால் சும்மா இருக்கும், என் வயிற்றில் வைத்தால் சும்மா இருக்கும், அவள் வயிற்றில் அதே இடத்தில் வைத்தால் அலறும். வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு நிற்க ஆரம்பித்தார்கள். அவள் ரூம் இருக்கிற இடம் முன்னாடி சுடுகாடு என்று கேன்டீனில் ஒருத்தி கிளப்பிவிட்டாள். பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில், அவள் கிட்டே வரும்போது நான் ஒரு அடி பின்னால் நகர்வேன். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட தூக்கிவாரிப் போட்டது.

ஒன்பதாம் நாள் வலது பக்கம் சத்தம் வரவில்லை. அப்பாடா என்று கையை நகர்த்தினேன். தொப்புளுக்குக் கீழே, நாலு விரல் தள்ளி, கத்தியது. உள்ளே இருந்தது எதுவோ அது நகர்ந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மிஷினைக் கீழே போட்டுவிட்டேன்.

பயந்து போனால் புத்தி நேராகவா வேலை செய்யும்? எதையோ விழுங்கிக் கடத்துகிறாள் என்று நானே முடிவு கட்டி, 'திருட்டு சந்தேகம்' என்று ரெஜிஸ்டரில் எழுதி சூப்பர்வைசரிடம் நீட்டினேன். விசாரணை என்று அவளை என் வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். மனசு கேட்காமல் தண்ணீர் கொடுக்கப் போனேன். அவள் கை நெருப்பாகச் சுட்டது.

"யக்கா, நான் ஒண்ணும் எடுக்கலக்கா. உள்ள என்னமோ குத்துது. மூணு தடவ அந்த ஆஸ்பத்திரிக்கே போயிட்டேன், வாயுன்னு சொல்லி அனுப்பிட்டாவ."

உள்ளே குத்துகிறது என்றதும்தான் எனக்கு உறைத்தது. பேயைப் பார்த்து எந்த மிஷினும் கத்தாது. அதற்கு இரும்பை விட்டால் வேறெதுவும் தெரியாது.

சூப்பர்வைசரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். எடுத்தவர், "இடுப்புல சாவி கீவி இருந்தா எடுத்து வச்சிட்டு வாம்மா" என்றார். இல்லை என்றாள். மறுபடி எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கி எங்களிடம் காட்டினார். படத்தில் அவள் எலும்புகளுக்கு நடுவே, கத்தரிக்கோல் மாதிரி, இரண்டு வளையங்களோடு ஒன்று வெள்ளையாகப் படுத்திருந்தது. ஆபரேஷனில் ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற கருவியாம். அதைச் சுமந்துகொண்டுதான் அந்தப் பெண் தினமும் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்திருக்கிறாள். பாவி நான், அவளைப் போய் திருடி என்று எழுதினேன்.

சென்னையில் அரசு மருத்துவமனையில் அதை எடுத்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் குடலைக் கிழித்திருக்கும் என்றார்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியோ, அது எங்களுடையதே இல்லை, வேறு எங்கேயாவது வயிற்றைக் கிழித்துக்கொண்டிருப்பாள் என்று கைகழுவியது.

கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி கேட்டுப் போனோம். அங்கிருந்த வக்கீலம்மா நிதானமாக விளக்கினார். சிகிச்சை விவரம் இருக்கிற கேஸ் ஷீட்டின் நகலை எழுதிக் கேட்டால் ஆஸ்பத்திரி கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் நஷ்டஈடு கேட்கலாம். அது பிச்சை இல்லை, நோயாளியின் உரிமை. வயிற்றுக்குள் கருவி கிடந்தால் அந்தப் பொருளே பேசும், எப்படி வந்தது என்று ஆஸ்பத்திரிதான் பதில் சொல்ல வேண்டும். "ஆனா இந்த ஆபரேஷன்லதான் உள்ள போச்சுன்னு காட்ட ஏதாவது இருந்தா ரொம்ப நல்லது" என்றார்.

அது என் ரெஜிஸ்டரில் இருந்தது. ஆபரேஷனுக்கு முன் பதினோரு மாதம் அவள் பெயரே அதில் இல்லை. திரும்பி வந்த நாளிலிருந்து தினமும் இருக்கிறது. "கம்பெனி மேட்டரு, நீ வாயை மூடிகினு இரு" என்றார் சூப்பர்வைசர். வேலை போனால் போகட்டும் என்று சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டேன். ஆணையமே கடிதம் போட்டு ரெஜிஸ்டரை வரவழைத்தது.

காஞ்சிபுரத்தில், ஆணையத்தில் எல்லார் முன்னாலும் என் கையெழுத்தை வரிவரியாகப் படித்தார்கள். வலது பக்கம், பொருள் இல்லை. வலது பக்கம், பொருள் இல்லை. கடைசியில், திருட்டு சந்தேகம். கூனிக்குறுகிப் போனேன். வெளியே வந்து அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எழுதாம விட்டிருந்தா நான் என்னக்கா ஆயிருப்பேன்?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. திருட்டுப் பழி நீங்கி அவளும் மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள். இரண்டு மணிக்கு என் முன்னால் நிற்பாள். மிஷினை ஓட்டுவேன், சத்தமே இருக்காது. ஆனால் அவள் நகர மாட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "யக்கா, இன்னொரு தடவ பாருங்க" என்பாள். பின்னால் வரிசை முணுமுணுக்கும். இன்னொரு தடவை மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன், அது முடிகிறவரை எனக்கும் மூச்சு வராது. அன்றிலிருந்து, யாரிடம் மிஷின் கத்தினாலும் 'இன்னா எடுத்தே' என்பது என் வாயில் முதலில் வருவதில்லை. 'எங்கனா வலிக்குதா கண்ணு' என்றுதான் கேட்கிறேன்.