கம்பெனி நம்பர் என்று நினைத்து...

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதத்துச் சனிக்கிழமை நடந்தது இது. எங்கள் ஊர் திருப்புல்லாணிக்குப் பக்கம். மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு ஒரு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது திரும்பிப் பார்த்தாலே, வேலை கிடைத்ததா என்று கேட்டுவிடுவார்களோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வைகாசிக்குள் வேலை அமையாவிட்டால் மாப்பிள்ளை பார்க்கப்போவதாக அய்யா, அதாவது அப்பா, வேறு சொல்லியிருந்தார்.

இறால், மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளில் தரம் பார்க்கும் வேலைக்கு எங்கள் படிப்புக்காரர்களை எடுப்பார்கள். நான் பார்த்தவரை அவர்கள் பேப்பரில் விளம்பரம் கொடுப்பதில்லை. அதனால் கூகுளே கதி என்று ஆனது. மண்டபம், பாம்பன், தூத்துக்குடி என்று ஊர் ஊராகப் போட்டுத் தேடி, கண்ணில் பட்ட நம்பரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. மெயில் அனுப்பினால் கிணற்றில் போட்ட கல்தான். எனவே வாட்ஸ்அப்பில் ரெஸ்யூம் அனுப்பத் தொடங்கினேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியின் போட்டோவை எவனோ அசிங்கமாக மாற்றிப் பரப்பிவிட்டிருந்தான். அதிலிருந்து, முன்பின் தெரியாதவர்களுக்குப் போட்டோ அனுப்ப மாட்டேன் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ரெஸ்யூமில் ஒட்டிய போட்டோவெல்லாம் போட்டோவில் சேராது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். படித்தவளுக்குச் சாக்கு கண்டுபிடிக்கவா சொல்லித்தர வேண்டும்?

அன்று காலை ஒரு இறால் கம்பெனியின் இணையப் பக்கத்தில் 'மேலாளர்' என்று போட்டு ஒரு செல் நம்பர் இருந்தது. ரெஸ்யூமையும், யாரும் கேட்காமலேயே ஆதார் அட்டையையும் அனுப்பினேன். இரண்டு டிக் நீலமாக மாறியது. பதில் இல்லை. பார்த்துவிட்டார், யோசிக்கிறார் என்று நினைத்தேன். பொறுக்க முடியாமல் மதியத்துக்குள் ஒன்பது முறை கூப்பிட்டும் விட்டேன். யாரும் எடுக்கவில்லை.

நான்கு மணி வாக்கில் அந்த நம்பரிலிருந்தே போன் வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய், "வணக்கம் சார்" என்றேன்.

"யாருடி நீ? எங்க வீட்டு ஆளு நம்பருக்கு எதுக்குப் போட்டோ அனுப்புற?"

அந்தப் பெண் படபடவென்று பேசியதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் புரிந்தது. அவர் கணவர் பாம்பன் பக்கம் விசைப்படகில் டிரைவர். காலையிலேயே கடலுக்குப் போய்விட்டார். போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டார். மனைவிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. போனைத் திறந்தால் ஒரு இளம்பெண்ணின் படம். அப்புறம் விடாமல் ஒன்பது அழைப்பு. காலையிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பெனி மேனேஜர் நம்பர் என்று நெட்டில் போட்டிருந்தது என்றேன். "போட்டுல போற மனுசன் எந்தக் கம்பெனிக்கு மேனேசரு?" என்று கேட்டார்.

"வீட்டுல பெரியவுக இருந்தா குடு. இல்லன்னா நாளைக்கு அவரு கரைக்கு வந்ததும், அட்ரஸ் விசாரிச்சு ரெண்டு பேருமா அங்கனயே வாரோம்."

துண்டித்து பிளாக் செய்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அப்படிச் செய்தாலும் என் படமும் ஆதாரும் அவர் கையில்தான் இருக்கும். அதைவிட, திட்டிக்கொண்டே அவர் அழுகையை அடக்குவது எனக்குக் கேட்டுவிட்டது. மறுநாள் மீனை இறக்கிவிட்டு அசந்து வரும் மனிதர், செய்யாத தப்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எல்லாம் என்னால்.

அம்மா வாசலில் காயப்போட்ட மிளகாயைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். சத்தியத்தை மீறியது, போட்டோ, ஆதார், லைனில் இருக்கும் பெண் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். இனி போனும் போச்சு, வேலையும் போச்சு, ஒரு அறையும் நிச்சயம் என்று நின்றேன். அம்மா என்னை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கையெல்லாம் மிளகாய்க் காரம். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, குனிந்து பேசினார்.

"தாயி, அது எம் மகதான். நாந்தேன் போட்டோவ அனுப்பச் சொன்னேன். கம்பெனின்னு நெனச்சோம், நம்பரு தப்பாப் போச்சு. ஒங்க வீட்டுக்காரரு மேல ஒரு குத்தமும் இல்ல. அவர ஒண்ணும் கேட்டுறாத."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அதன்பின் இரண்டு பேரும் பிள்ளைகள், மிளகாய் விலை, கடலில் காற்று என்று கால் மணி நேரம் பேசினார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து எல்லாவற்றையும் அழித்துவிடுவதாக அவர் சொன்னார். அப்படியே செய்து, முடிந்ததும் கூப்பிட்டும் சொன்னார்.

மறுநாள் மதியம் அவர் கணவரே, அம்மா கொடுத்திருந்த தன் நம்பருக்குப் பேசினார். எப்போதோ இறால் வாங்க வந்த ஏஜெண்டிடம் அவர் கொடுத்த நம்பரை யாரோ கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார்களாம். மீன் ஏலம் எடுக்க வந்தவரிடம் விசாரித்து, கம்பெனியின் சரியான ஆபீஸ் நம்பரையும் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை போனை வைத்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இன்னும் எத்தன பேருக்கு அனுப்பிருக்க?" நோட்டைக் காட்டினேன். இருட்டுவதற்குள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு, அது கம்பெனிதானா என்று கேட்டோம். ஒன்று சைக்கிள் கடை. இன்னொன்றை எடுத்தவர் அந்தக் கம்பெனி வேலையை விட்டு வருடக்கணக்காகிவிட்டதாம். அவர்கள் இருவரும் அழித்துவிடுவதாகச் சொன்னார்கள். அய்யாவிடம் அம்மா மூச்சுவிடவில்லை.

படகுக்காரர் நம்பர் வாங்கிக் கொடுத்த கம்பெனியில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஆவணியில் தூத்துக்குடியில் வேறொன்று அமைந்தது. அதுவரை அய்யாவை அம்மா எப்படிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியாது.

தன் வாழ்நாளில் யாரையும் ஏமாற்றாத அம்மா, தன்னை ஏமாற்றிய எனக்காக, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் பொய் சொன்னார். 'நாந்தேன் அனுப்பச் சொன்னேன்' என்ற அந்த வார்த்தை பொய்யாகவே நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான், இன்றும் யாருக்கு எதை அனுப்புவதென்றாலும் முதலில் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் சொன்ன பிறகே அனுப்புகிறேன்.