விரல் மட்டும் பளபளத்த சிலை

என் ஓரகத்தியைத் தெருவில் எல்லாரும் சிலை அக்கா என்பார்கள். வீட்டில் அவளுக்குப் பெயர் நத்தை. பெயர் வைத்தது நான்தான். ஒரு சாண் உயரப் பித்தளைப் புத்தரைத் துடைக்க நான்கு நாள் எடுத்துக்கொள்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ளவும் அவளுக்கு நான்கு நாள் ஆகும்.

முன்பு அவள் ஓர் அருங்காட்சியகத்தில் தரை துடைக்கப் போனவள். கையில் எடுத்த எதையும் கீழே போடாத ஒரே ஆள் அவள்தான் என்று கண்டுபிடித்து, உலோகச் சாமான் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். பதினோரு வருஷம் அங்கே இருந்தாள். ஆட்குறைப்பு வந்ததும் வீட்டுப் பின்னறையில் ஜன்னலோரம் ஒரு மேஜையைப் போட்டு, பழைய துவாலையை விரித்து, சொந்தமாக ஆரம்பித்துவிட்டாள். வீடுகளிலிருந்தும் தியானக் கூடங்களிலிருந்தும் சிலைகள் வரும். ஒருமுறை பல் டாக்டரின் காத்திருப்பு அறையிலிருந்துகூட ஒரு புத்தர் வந்தார். எத்தனை பேரின் பல்வலியைப் பார்த்திருப்பாரோ என்று அவருக்கு மட்டும் ஒரு நாள் கூடுதலாகச் செலவழித்தாள்.

அந்த அறையின் சட்டதிட்டங்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். சிலையைத் தலையைப் பிடித்தோ கையைப் பிடித்தோ தூக்கக் கூடாது. ஒரு கை பீடத்துக்கு அடியில், இன்னொரு கை முதுகில். கையுறை இல்லாமல் தொட்டால் வேர்வை உப்பு கறையாக நின்றுவிடும். எலுமிச்சம்பழம், சாம்பல், பல்பொடி எதுவும் வாசலைத் தாண்டி வரக் கூடாது. அடித்தகட்டை மூடி முத்திரை வைத்திருந்தால் திறக்கவே கூடாது. உள்ளே யாரோ மந்திரம் எழுதிச் சுருட்டி வைத்த தாள் இருக்கும், அது நமக்கு வந்த கடிதம் இல்லை என்பாள்.

எல்லாவற்றுக்கும் மேலே, மாதிரி. முழுச் சிலையையும் துலக்கச் சொல்லி வந்தால், முதலில் ஓர் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் துலக்கிக் காட்டுவாள். வந்தவர் "இந்த அளவு போதும்" என்ற பிறகுதான் மற்ற இடம். மாதிரியைப் பார்த்து மீதியைத் துலக்குவது பெரும்பாலும் என் வேலை. அவள் நான்கு நாளில் செய்வதை நான் ஒரே நாளில் செய்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வேலை நடக்கும்போது வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் புத்தருக்குக் காது ஏன் இப்படித் தொங்குகிறது என்று கேட்டேன்.

"ராஜா வீட்டுப் பிள்ளை. கனமான கடுக்கன் போட்டிருந்தாரு. எல்லாத்தையும் துறந்தப்ப அதையும் கழட்டி வெச்சுட்டாரு. காது மட்டும் அப்படியே நின்னுடுச்சு."

"எனக்கும்தான் காது தொங்குது. நான் என்னத்தக்கா துறந்தேன்?"

"வாயைத் துறந்து பாரேன்," என்றாள், தலை நிமிராமல்.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தன் சிலையைக் கொண்டு வந்தபோது நான் வீட்டில் இல்லை. வினையே அதுதான். அவர் சொன்னதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் கொண்டு வந்தது பூமியைத் தொடும் புத்தர். இடக்கை மடியில் மலர்ந்திருக்கும். வலக்கை முழங்காலைத் தாண்டி இறங்கி, விரல் நுனிகள் பீடத்தைத் தொடும். 'நீ இந்த இடத்தில் உட்காரத் தகுந்தவன் என்பதற்கு யார் சாட்சி?' என்று தவத்தைக் கலைக்க வந்தவன் கேட்டபோது, புத்தர் வாய் திறக்காமல் பூமியைத் தொட்டுக் காட்டினாராம். டிரைவரின் மனைவி நர்ஸாக இருந்தவர். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்த வலக்கையின் மூன்று விரல்களைத் தொட்டுத் தடவிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாராம். முப்பத்தேழு வருஷம். சிலை முழுவதும் கருத்துப்போயிருக்க, அந்த மூன்று விரல் மட்டும் தங்கமாக மின்னியது. அந்த அம்மா இறந்து ஆறு மாதம். இறந்த வாரம் ஏற்றிய மெழுகுவத்தி உருகிச் சிலையின் மடியிலும் பீடத்திலும் வழிந்திருந்தது. அந்த மெழுகை மட்டும் எடுத்தால் போதும் என்றார் டிரைவர்.

"மத்தபடி எதையும் தொடாதீங்கம்மா. அந்த விரல் தனியா தெரியணும். எனக்கு அவ ஞாபகம்னா அதான்."

அக்கா தலைமுடி உலர்த்தும் கருவியால் இதமாகச் சூடு காட்டி, மூங்கில் குச்சியால் மெழுகைப் பொட்டுப் பொட்டாக எடுத்தாள். மூன்றாவது நாள் முடித்துக் கையுறையைக் கழற்றும்போது மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினாள். "டிரைவர் ஐயா சனிக்கிழமை சாயங்காலம் வருவாரு" என்று மட்டும் வாசலிலிருந்து சொன்னாள். எதையும் எழுதி வைக்கும் பழக்கம் அவளுக்கு அப்போது கிடையாது. எல்லாம் மண்டைக்குள்தான்.

வெள்ளிக்கிழமை வரை அவள் வரவில்லை. நான் பின்னறைக்குப் போனேன். மேஜைமேல் கருத்த புத்தர். வலக்கையில் மூன்று விரல் மட்டும் பளிச்சென்று. மாதிரி துலக்கியாயிற்று, டிரைவரும் பார்த்துச் சரி சொல்லியிருப்பார், மீதி அப்படியே கிடக்கிறது என்று நினைத்தேன். வேறு எதுவும் என் மூளைக்கு எட்டவில்லை.

காலையில் உட்கார்ந்தவள் மாலையில்தான் எழுந்தேன். சுருள் முடியின் இடுக்குகளில் குச்சியில் பஞ்சைச் சுற்றித் துலக்கினேன். பீடத்துத் தாமரை இதழ்களை ஒவ்வொன்றாகத் துலக்கினேன். உண்மையைச் சொன்னால், அதுவரை நான் செய்ததிலேயே அதுதான் நேர்த்தியான வேலை. விரலுக்கும் உடம்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

மறுநாள் காலை அக்கா பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்தாள். முகம் கழுவிவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனாள். நான் பாராட்டுக்காகப் பின்னாலேயே போனேன். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"விரல் எங்கடி?"

"அங்கதானக்கா இருக்கு. மாதிரி."

அவள் டிரைவர் சொன்னதைச் சொன்னாள். குரல்கூட உயரவில்லை. முப்பத்தேழு வருஷத்தை ஒரே நாளில் துடைத்தெறிந்த இந்த வேகத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அழுதுகொண்டே யோசித்தேன். கதவுக் கைப்பிடிகளைக் கருப்பாக்க வைத்திருக்கும் மருந்து அலமாரியில் இருந்தது.

"அக்கா, விரலுக்கு டேப் ஒட்டி மறைச்சுட்டு மத்த இடத்துல கருப்பு ஏத்திடலாம். சாயங்காலம்தான வர்றாரு. அவருக்குத் தெரியவா போகுது?"

அவள் எழுந்து போய் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒத்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள்.

"தெரியாதுதான்," என்றாள். "அதான் வேணாங்கிறேன்."

பிறகு சிலையின் முன்னால் வந்து வெறும் கையால் அதன் இடக்கையைத் தடவினாள். அப்புறம் வலக்கையை. இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்து பதினெட்டு வருஷம். கையுறை இல்லாமல் அவள் ஒரு சிலையைத் தொட்டு அன்றுதான் பார்த்தேன்.

டிரைவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். மேஜையைப் பார்த்தார்.

"இது என்னுது இல்லம்மா," என்றார், மரியாதையாகவே.

"எங்க கிட்ட ஒரு தப்பு நடந்துடுச்சு ஐயா," என்று அக்கா ஆரம்பித்தாள். பழியை அவள் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. "நான்தான் ஐயா" என்று முந்திக்கொண்டு, மாதிரி என்று நினைத்ததையும் துலக்கியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "எல்லா இடமும் ஒண்ணாயிடுச்சே" என்று மட்டும் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஐயா, நீங்க இதைத் தொட்டிருக்கீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"நானா? அது அவ வேலை. நான் பக்கத்துல நின்னு கேலி பண்ணுவேன். புத்தருக்கு நாடி பாத்துட்டியா, ஜுரம் இருக்கான்னு."

"இப்ப தொடுங்க. கண்ண மூடிக்குங்க. மொதல்ல மடியில இருக்கிற கை."

பெரிய முரட்டு விரல்கள் தயங்கித் தயங்கிப் போயின. "நகம் தட்டுப்படுது. ரேகைகூட இருக்கு."

"இப்ப இந்தப் பக்கம்."

அவர் விரல் வலக்கையில் இறங்கியது. நின்றது. திரும்ப ஒருமுறை போனது. "இங்க ஒண்ணும் இல்ல. வழுவழுன்னு இருக்கு. விரலே இளைச்ச மாதிரி இருக்கு."

"வார்க்கும்போது எல்லா விரலுக்கும் நகம் வெச்சுதான் வார்த்திருப்பாங்க. இதை அவங்க தொட்டுத் தொட்டுத் தேச்சுட்டாங்க. இவ எவ்வளவு துலக்கினாலும் அது போகாது ஐயா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினேன்.

கடைசியில் அவர் கேட்டார்: "கருப்பு திரும்ப வருமாம்மா?"

"தானா வரும். ரெண்டு வருஷமாவது ஆகும். யாரையும் துலக்க விடாதீங்க. தினம் தொடுற இடம் மட்டும் கருக்காது."

"தொடத்தான் ஆள் இல்லையே."

அக்கா சிலையைத் துவாலையில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு சிலையின் பீடத்திலும் நூலில் ஒரு சீட்டுத் தொங்கும். எதைச் செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று என் கையாலேயே எழுதுகிறேன். அந்தச் சம்பவத்துக்காக அக்கா என்னை ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. நானும் அவளை நத்தை என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து டிரைவர் அதே துவாலையோடு வந்து நின்றார். எனக்குத் திக்கென்றது. மேஜைமேல் வைத்து அவிழ்த்தார். புத்தர் தேன் நிறத்துக்குக் கருத்திருந்தார். வலக்கை மின்னியது. மூன்று விரலோடு நிற்காமல் புறங்கையும், முழங்காலில் பாதியும் சேர்ந்து மின்னின.

"அவளுக்குச் சின்ன விரல்," என்றார், தப்பு செய்தவர்போல. "என்னுது ஸ்டியரிங் பிடிச்ச கை. குறி தப்பி முழங்காலும் சேர்ந்து படுது."

"சரி பண்ணணுமா ஐயா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வேணாம்மா. காட்டத்தான் கொண்டாந்தேன்."

அக்கா கையுறையைப் போட்டுக்கொண்டு, பீடத்துக்கு அடியில் ஒரு கையும் முதுகில் ஒரு கையுமாக அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தாள்.

"செருப்பு மாட்டுறதுக்கு முன்னாடியா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா," என்றார் டிரைவர். "பால் வாங்கத்தான் போறேன். ஆனாலும் தொட்டுட்டுதான் போறேன்."