கல்லு மாரிச்சாமியின் ஹேண்ட் பிரேக்

எங்கள் மலையில் கட்டபெட்டுப் பக்கம் வந்து மாரிச்சாமி வீடு எது என்று கேட்டால், எந்த மாரிச்சாமி என்று திருப்பிக் கேட்பார்கள். கல்லு மாரிச்சாமி என்றால் உடனே கைகாட்டிவிடுவார்கள். ஆனால் அந்தப் பெயரை அவன் காதுபடச் சொன்னவன் அவன் ஜீப்பில் ஏறமுடியாது. மழையானாலும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மாரிச்சாமி அப்படிப்பட்ட ஆள். சிரித்த முகம், தாராள மனசு என்றெல்லாம் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஆசைதான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்தப் பெயர் வந்த கதை இதுதான். மீசை அரும்பிய வயதில் தேயிலை எஸ்டேட் லாரியில் கிளீனராகச் சேர்ந்தான். டிரைவர் சில்வஸ்டர். அந்த லாரியிலும் ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருந்தது. சில்வஸ்டர் அதில் துண்டு காயப்போடுவார். இந்த மலையில் வண்டி நிறுத்தச் சமமான இடம் எங்கே இருக்கிறது? எங்கே நின்றாலும் சரிவு. அதனால் லாரி நிற்பதற்குள் கிளீனர் கல்லோடு குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் அதை முட்டுக்கொடுத்து, கையை வெளியே எடுத்துவிட்டு, "ரைட்" என்று குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். முதலில் கல், அப்புறம் கை, அப்புறம் ரைட், கடைசியில் கால். மலையில் லாரி ஓட்டுகிறவன் மற்றதையெல்லாம் மறக்கலாம், இந்த வரிசையை மறக்கக்கூடாது.

சில்வஸ்டர் ஒருநாள் மறந்தார். மழை, குளிர், எதிரே டீக்கடை. மாரிச்சாமியின் கை சக்கரத்துக்கு அடியில் இருக்கும்போதே காலை எடுத்துவிட்டார். வலதுகையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்தச் சரிவிலேயே போயின. விசாரணையில் மேனேஜர் கேட்டபோது சில்வஸ்டர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அவன் ரைட் சொன்னானுங்க சார். என் காதுல கேட்டுத்தானுங்க காலெடுத்தேன்" என்றார். மாரிச்சாமி சொல்லவே இல்லை என்றான். சர்வீஸ் உள்ள டிரைவர் பேச்சு எடுபடுமா, கட்டுப்போட்ட கிளீனர் பேச்சு எடுபடுமா? கவனக்குறைவு என்று எழுதி, அவனைத் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்ட அனுப்பிவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சில்வஸ்டர் அந்தக் கதையை டீக்கடை டீக்கடையாகச் சொல்லி மெருகேற்றினார். "ரைட்டுன்னு கத்திப்போட்டு மறுக்கா கைய உள்ள விடறான், கல்லுப்பய" என்பார். கேட்டவர்கள் சிரித்தார்கள். கல்லு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மாரிச்சாமிக்கு விரல் போனதைவிட அந்த 'ரைட்'தான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சொல்லாத ஒரு சொல்லைத் தன் வாயில் திணித்துவிட்டார்களே என்று வருஷக்கணக்கில் வெந்தான். சில்வஸ்டர் எதிரே வந்தால் காறித் துப்புவான். அவரும் சளைத்தவர் இல்லை, நின்று பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்.

மிச்சமிருந்த மூன்று விரலால் கவாத்துக் கத்தி பிடித்தான், கியர் பிடிக்கவும் கற்றுக்கொண்டான். ரேணுகாவைக் கட்டினான். அவள் வாயும் அவன் வாய்க்குக் குறைந்ததில்லை. கொஞ்சம் தேயிலை நிலம் சேர்ந்தது. பிறகு ஏலத்தில் ஒரு பழைய நாலு சக்கர இழுவை ஜீப்பை எடுத்தான். சேற்றுப் பாதையிலும் செங்குத்தான தோட்டத்திலும் ஏற வேண்டுமே என்று ஸ்பிரிங் பட்டையைக் கூட்டி உயரம் தூக்கினான். டிராக்டர் டயருக்குத் தம்பி போலப் பெரிய டயர்களாக மாட்டினான். பின்னால் இலைச் சாக்கு ஏற்றத் தொட்டி கட்டினான். மற்ற வண்டிகள் திணறுகிற மேட்டில் அது உறுமிக்கொண்டு ஏறும். ஏறிய இடத்தில் நிற்கத்தான் மாட்டேன் என்றது. பழைய ஹேண்ட் பிரேக் பழைய சின்ன டயருக்காகச் செய்தது. இந்தப் பெரிய டயரை அதனால் பிடித்து வைக்க முடியவில்லை. லிவரை மேலே வரை இழுத்தாலும் வண்டி நைசாகப் பின்னால் வழியும்.

"கீழ எறங்கி ஒரு கல்லப் போடு" என்று ஒருநாள் ரேணுகாவிடம் சொல்லிவிட்டான்.

"உங்க கையப் பாத்துட்டே சோறு போடறவ நானு. நானெல்லாம் சக்கரத்துக்கு அடியில கைய விடமாட்டேன். நிக்கத் தெரியாத வண்டிய எதுக்கு வெச்சிருக்கீங்க? வித்துப்போடுங்க" என்றாள் அவள். சொன்னதோடு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாரிச்சாமிக்குச் சுருக்கென்று தைத்தது. யாரிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று தன் மேலேயே ஆத்திரம். அடுத்த வாரமே ஜீப்பை அருவங்காட்டில் மெக்கானிக் பெனிஸின் பட்டறைக்குக் கொண்டுபோனான். இனி இந்த வண்டிக்குக் கல் என்ற பேச்சே இருக்கக்கூடாது, அதுவும் சில்வஸ்டர் கண்ணெதிரே கல் இல்லாமல் நிற்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஏனென்றால் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சில்வஸ்டர், மாரிச்சாமி தினமும் தேயிலை கொண்டுபோய் விற்கிற ஷெட்டிலேயே எடை போட உட்கார்ந்துவிட்டார். ஊரில் வேறு ஷெட்டே இல்லையா என்றால், இருக்கிறது. அங்கே போனால் தான் பயந்து ஓடியதாக ஆகிவிடும் என்று மாரிச்சாமி போகவில்லை.

பெனிஸ் நல்ல வேலைக்காரன், ஆனால் வளவளவென்று பேசுவான். கியர் பெட்டிக்குப் பின்னால், சக்கரங்களைச் சுழற்றுகிற தண்டில் ஒரு இரும்புத் தட்டு மாட்டினான். லிவரை இழுத்தால் கேபிள் இழுபட்டு, இரண்டு பிரேக் கட்டைகள் அந்தத் தட்டை இறுக்கிக்கொள்ளும். பட்டறைக்கு முன்னால் உள்ள மேட்டில் நிறுத்திப் பார்த்தார்கள். ஜீப் மூச்சுக்கூட விடவில்லை. மாரிச்சாமி இறங்கிப் போய் முன்னால் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. கண் கலங்கியது. பெனிஸ் பார்த்துவிடுவானோ என்று மூக்கைச் சிந்திக்கொண்டான்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்ணா. இது சக்கரத்தப் புடிக்கிறதில்ல, தண்டத்தான் புடிக்குது. பின்சக்கரம் ரெண்டும் தரையில இருக்கோணும். ஒண்ணத் தூக்கிட்டீங்கன்னா அது அந்தரத்துல சும்மா சுத்தும், இன்னொண்ணு உருண்டு போயிரும். அதனால ஜாக்கி போடறப்ப மட்டும் ஒரு கல்லு..."

கல் என்ற சொல் விழுந்ததும் மாரிச்சாமியின் காது அடைத்துவிட்டது. "என்ன கல்லு? யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு? அந்தச் சில்வஸ்டரு இங்கயும் வந்து பேசிட்டுப் போனானா?" என்று எகிறினான். பெனிஸ் பாவம், அவனுக்குச் சில்வஸ்டர் யார் என்றே தெரியாது. மறுபடி சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

மறுநாள் இலை ஷெட்டில் மாரிச்சாமி ஒரு கூத்தே நடத்தினான். ஷெட் சரிவின் அடியில் இருக்கிறது. இலை இறக்க வண்டிகள் சுவரைப் பார்த்துப் பின்பக்கமாக இறங்கி வந்து நிற்கும். அவனும் அப்படியே வந்து நிறுத்தி, லிவரை இழுத்துவிட்டு, இறங்கிக் கைகட்டி நின்றான். லாரிக்காரர்கள் போட்டுவிட்டுப் போன கல் ஒன்று அங்கே கிடந்தது. சில்வஸ்டர் அதைச் செருப்புக் காலால் அவன் பக்கம் உருட்டிவிட்டார்.

"எடுத்துக்கடா. உனக்குப் பழகுன சாமான்தான."

மாரிச்சாமி ஓங்கி ஒரு உதை விட்டான். கல் ஓரத்துச் சாக்கடைக்குள் போய் விழுந்தது. "என்ற வண்டி நிக்கும். கெடந்து வேடிக்கை பாரு" என்றான். வண்டி நின்றது. அன்றைக்கு மட்டுமல்ல, அந்த மாதம் முழுக்க நின்றது. தினமும் சில்வஸ்டர் முகத்தைப் பார்ப்பதற்காகவே அவன் ஷெட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடுவான். ரேணுகாவே சலித்துப்போய், "இலை போட வர்றீங்களா, அந்தாள் மொகரையப் பாக்க வர்றீங்களா?" என்று கேட்டாள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. ஷெட்டுக்கு வந்து நிறுத்திச் சாக்கை எல்லாம் இறக்கியாயிற்று. பார்த்தால் இடது பின்சக்கரம் தரையோடு உட்கார்ந்திருக்கிறது. எங்கோ ஆணி. மாரிச்சாமி ஜாக்கியை எடுத்தான். ரேணுகா ஷெட் படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய அட்டைப்பூச்சியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சில்வஸ்டர் ஜீப்புக்கும் சுவருக்கும் நடுவில் குனிந்து, சிந்திய இலையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். அள்ளியபடியே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"கல்ல வெச்சுட்டுத் தூக்குடா, கல்லுப்பயலே."

அவர் சொல்லாமல் இருந்திருந்தால்கூட ஒருவேளை வைத்திருப்பான். சொல்லிவிட்டார், இனி வைப்பானா? பல்லைக் கடித்துக்கொண்டு ஜாக்கியைச் சுற்றினான். சக்கரம் தரையை விட்டு எழும்பியது. வலது பின்சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இருந்ததால் வண்டி அப்படியே நின்றது. நட்டைக் கழற்றினான். டயர் கொஞ்சம் இறுகியிருந்தது. ஆட்டி ஆட்டி ஒரே வெட்டாக இழுத்தான். அந்த ஆட்டத்தில் வலது சக்கரம் பள்ளத்தை விட்டு ஏறிவிட்டது.

மாரிச்சாமி கண்ட காட்சி இது. கையில் டயர் இருக்கிறது. எதிரே டயர் இல்லாத மொட்டை அச்சு தானாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. வண்டி பின்னால் போகிறது, அச்சு முன்னால் சுற்றுகிறது. ஜாக்கி மெல்லச் சாய்கிறது. பெனிஸ் சொன்னது முழுக்க அப்போதுதான் அவன் காதுக்குள் வந்து சேர்ந்தது.

ரேணுகா எழுந்து ஒதுங்கிவிட்டாள். சில்வஸ்டருக்கு ஒதுங்க இடமில்லை. முதுகுக்குப் பின்னால் சுவர். ஜீப்பின் பின்தட்டில் தோளைக் கொடுத்து, கால் இரண்டையும் சுவரின் அடியில் ஊன்றிக்கொண்டு கத்தினார். "கல்லு. கல்லப் போடுறா."

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே குரல். மாரிச்சாமி யோசிக்கவே இல்லை, உடம்பு யோசிக்க விடவில்லை. டயரைப் போட்டுவிட்டு மறுபக்கம் பாய்ந்து, சாக்கடையில் கையை விட்டு, அன்று உதைத்துத் தள்ளிய அதே கல்லை எடுத்து வலது சக்கரத்துக்கு அடியில் சொருகினான். கையை எடுத்தான். டயர் கல்லின் மேல் ஏறப் பார்த்தது, முடியாமல் நின்றது. ஜாக்கி சாய்ந்தபடியே நின்றது. எல்லாம் நின்றது.

கையைப் பார்த்தான். மூன்று விரலும் இருந்தன. சேறும் கொஞ்சம் ரத்தமும். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, அந்த ஆள் ஏவியதும் நாய்க்குட்டி போல ஓடியிருக்கிறோம் என்று. அவமானம் உச்சந்தலைக்கு ஏறியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பின்னால் இருக்கிற சில்வஸ்டருக்குக் கல் விழுந்ததா இல்லையா என்று தெரியாது. தோளை எடுக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "போட்டியா?"

மாரிச்சாமி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், போட்டியாடா? ரைட்டா?"

இலை கொண்டுவந்த பெண்கள், லாரி டிரைவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மாரிச்சாமி கையை வேட்டியில் நிதானமாகத் துடைத்தான்.

"வாயில என்னடா வெச்சிருக்கற? ரைட்டுன்னு சொல்லித் தொலையேன்."

"நீங்களே உட்டுருங்க டிரைவரே" என்றான் மாரிச்சாமி.

"நீ சொல்லாம எப்படிறா உடறது? உட்டா செத்துருவன்ல."

"அன்னைக்கு எப்படி உட்டீங்க?"

சில்வஸ்டர் வாயைத் திறந்தார். காதில் கேட்டேன் என்று எத்தனை டீக்கடையில் சொன்ன வாய் அது. இப்போது அது கீழுதட்டைக் கடித்துக்கொண்டது. தோள் தட்டில், கால் சுவரில், முகமெல்லாம் வியர்வை. நழுவிய மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடக்கூட அவருக்குக் கை ஒழியவில்லை. கூட்டம் மாரிச்சாமியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

"சொல்லிருங்க, போதும்" என்றாள் ரேணுகா.

அவளுக்காகத்தான் சொன்னான். "ரைட்."

சில்வஸ்டர் தோளை எடுத்தார். வண்டி அசையவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் ஷெட்டுக்குள் போய்த் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவர்களுக்குள் இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எதிரே வந்தால் மாரிச்சாமி இப்போதும் துப்பத்தான் செய்கிறான். அவர்தான் இப்போது நின்று சிரிப்பதில்லை. ஜீப்பில் பெனிஸ் போட்ட ஹேண்ட் பிரேக் அப்படியே இருக்கிறது, நன்றாகவே பிடிக்கிறது. சீட்டுக்கு அடியில் அந்தக் கல்லும் இருக்கிறது. ஜாக்கி போடும்போது மாரிச்சாமி அதை எடுத்துத் தானே சக்கரத்துக்கு வைக்கிறான். கையை எடுத்தபின், பக்கத்தில் ஒரு ஆள் இல்லாவிட்டாலும், உரக்க "ரைட்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கிறான்.