தூக்கிக்கொண்டு போக முடியாத திரை

சென்னை இராயபுரத்துக்கு மருமகளாக வந்து நான்காவது வருடம் நடக்கிறது. இன்னமும் கடைகளில் நான் வாயைத் திறந்தால் ஒரு சின்னக் குழப்பம் வராமல் போவதில்லை. சில மாதங்களுக்கு முன் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு கணினிக் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த இருபத்தேழு அங்குல 4கே மானிட்டரின் விலையைக் கேட்டேன். பார்வைக்கு வைத்திருந்தது, அட்டைப்பெட்டி இல்லை, கீழே ஸ்டாண்டில் ஒரு கீறல். அதனால் ஏறக்குறைய பாதி விலை என்றார் கடைக்காரர் சலீம் பாய். ஆசையை வெளியே காட்டிக்கொள்ளாமல், "ஆறுதலா யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "வூட்ல எதுனா கெட்ட சேதியாம்மா?" என்று குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இதில் என்ன சிரிப்பு என்று விளங்காது. நமக்கு ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல். இங்கே அது சாவு வீட்டில் சொல்லும் சொல். நான் விளக்கியதும் பாய் சிரித்துவிட்டார். ஆனால் அவசரமில்லாமல் யோசிக்க நேரமில்லை, ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரும் கேட்டிருக்கிறார், சனிக்கிழமை வரைதான் எடுத்து வைப்பேன் என்றார்.

நான் தமிழ் எழுத்துரு வரைபவள். கொழும்பில் ஒரு அச்சகத்தில் தொடங்கிய வேலை, இன்று இராயபுரத்தில் மூன்றாம் மாடி அறையில் தொடர்கிறது. டொராண்டோவில் பிள்ளைகளுக்கான வாசிப்புப் புத்தகங்கள் போடும் ஒருவருக்காக, முழுக்க என் கையால் ஆன முதல் எழுத்துருவை அப்போது முடித்துக்கொண்டிருந்தேன். என் பழைய மானிட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து அழகாக இருக்கும். புத்தகத்தில் வரும் அளவுக்குக் குறைத்தால் 'ணூ'வின் சுழி அடைத்துக்கொள்ளும், 'ஞ' கறுப்பு உருண்டையாகிவிடும். அது என் கோட்டின் பிழையா, திரையின் பிழையா என்று தெரியாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே இறங்கிப் போய் அச்செடுத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு தேவை இருந்தும் ஏன் தயங்கினேன்? விலை காரணமில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா, கல்யாணம் முடிந்த நாளிலிருந்து எங்களை அங்கே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் எங்கள் அறையில் எல்லாமே தற்காலிகம்தான். மடக்கும் மேசை, மடக்கும் நாற்காலி. எதை வாங்க நினைத்தாலும், கனடா போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நானே சொல்லிவிடுவேன். இந்தப் பழக்கம் அதற்கும் முந்தியது. பருத்தித்துறையில் நான் சிறுமியாக இருந்தபோது அப்பா ஒரு கண்ணாடி அலுமாரி வாங்கினார். அம்மா அதற்குள் அடுக்கிய கோப்பைகளில் தேநீர் குடிப்பதற்கு முன்பே ஷெல் விழத் தொடங்கி, ஊரைவிட்டுப் போக வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது அலுமாரி நின்ற இடத்தில் தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு அம்மா, இரண்டு கையால் தூக்க முடியாத எதையும் வாங்கவில்லை. நானும்தான்.

என் கணவர் கிளமென்ட் எண்ணூர் துறைமுகத்தில் கிரேன்களுக்கு மின்வேலை பார்ப்பவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவரிடம் மானிட்டரைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்புக் காற்றில் சீக்கிரம் துரு ஏறும் என்றார். பிறகு, "நாளைக்கே உங்க அண்ணன் கூப்டா இத்த எப்டி தூக்கினு போறது?" என்று கேட்டார். நான் வழக்கமாகச் சொல்லுவதைத்தான் அவர் சொன்னார். ஆனாலும் அவர் வாயால் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

என் மாமி, கிளமென்டின் அம்மா ஃபிலோமினா, அங்கேதான் உட்கார்ந்து தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். காசிமேட்டில் பல வருடம் மீன் ஏலம் எடுத்து விற்றவர்; மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார்.

"நாலு வருஷமா விருந்தாளி மாதிரியே குந்திகினு கீற. கனடா வர்றப்ப வரட்டும். இப்ப இதான் உன் வூடு. வூட்ல கீறவ மாதிரி வாங்கு."

கிளமென்ட் என்னைப் பார்த்தார். நான் சரியென்று தலையாட்டினேன்.

மறுநாள் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நானும் மாமியும் ஆட்டோவில் போனோம். பாய் கேபிளைச் செருகினார். திரை ஒரு கணம் கறுத்தது, பிறகு என் கோப்பு விரிந்தது. பிள்ளைகளின் புத்தகத்தில் வரப்போகும் அதே அளவில் 'ணூ' நின்றது. சுழிக்குள் வெள்ளை இருந்தது. மயிரிழை வெள்ளைதான், ஆனால் இருந்தது. என் கோட்டில் பிழை இல்லை. 'ஞ'வுக்குப் போனேன், அதில் பிழை இருந்தது, அதுவும் எங்கே என்று பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கடையிலேயே நின்றபடி வளைவைத் திருத்தினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில், "சோக்கா கீது பாய்" என்று இராயபுரத்துப் பேச்சே என் வாயிலிருந்து வந்துவிட்டது. பாய்க்கும் மாமிக்கும் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஓயுமுன் மாமி மானிட்டரோடு ஒரு நல்ல கேபிளையும் இலவசமாக வாங்கிவிட்டார். தூசு படாமல் மூட ஒரு உறையும் கேட்டார்; பாய் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அதையும் கொடுத்தார்.

மடக்கும் மேசை அந்தப் பாரத்தில் ஆடியது. கிளமென்ட் மறு வாரமே ஒரு மரமேசை செய்வித்து, சுவரில் ஆணியடித்து இறுக்கினார். எழுத்துரு முடிந்து டொராண்டோ போய்ச் சேர்ந்தது. முதல் புத்தகம் அச்சிலும் வந்துவிட்டது. சுழிகள் ஒன்றும் அடைபடவில்லை.

அந்தச் செய்தியைச் சொல்ல ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மாவைப் பருத்தித்துறைக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அம்மாவின் போன் பழையது. இவ்வளவு பெரிய திரையில் அவர் முகம் சதுரம் சதுரமாகக் கலைந்து கலைந்து சேர்ந்தது. பக்கத்தில் நான் திறந்து வைத்திருந்த எழுத்துகள் கத்திபோல் கூர்மையாக நின்றன. அம்மா மட்டும் மங்கல். மானிட்டரையும் மேசையையும் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். நல்ல வடிவாக இருக்குது என்றவர், சுவரில் அடித்திருந்த ஆணிகளைக் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"எப்ப பிள்ளை வீட்டை வாறாய்?" என்று கேட்டார். பருத்தித்துறை வீட்டுக்கு எப்போது வருவேன் என்றுதான் கேட்டார்.

அதே நேரம் அடுப்படியிலிருந்து மாமி குரல் கொடுத்தார். "சோறு ஆறிப்போவுது, வாம்மா."

"வாறன்" என்றேன்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சொல்தான் சொன்னேன். திரையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுப்படியில் மாமி என் தட்டை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.