மேலக் காட்டில் எட்டுப் போட்ட வேன்

நீங்கள் வாராவாரம் கேட்டுக்கொண்டே இருந்த அந்த வேன் ஒருவழியாகக் கிளம்பிவிட்டது. கிளம்பாமலே இருந்திருக்கலாம்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு சுருக்கம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு வந்து கோவில்பட்டி வீட்டு வாசலில் நிறுத்தினார். தீப்பெட்டி ஆபீசுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. உள்ளே ஏறினால் இன்னும் மருந்து வாடை. இதை கேம்ப்பிங் வேனாக மாற்றப் போகிறேன், ரோடே இல்லாத இடத்துக்கெல்லாம் போகலாம் என்றார். ரோடு இருக்கிற இடத்துக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனதில்லையே என்று நான் கேட்டதையும் இங்கேதான் எழுதினேன். நீங்களும் சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு பட்டறைதான் அவருக்கு ஆபீஸ். சீட்டுகளை எல்லாம் கழற்றி எறிந்தாயிற்று. பிளைவுட்டில் கட்டில், கட்டிலுக்கு அடியில் தண்ணீர் டேங்க், பின்கதவைத் திறந்தால் வெளியே இழுத்துக்கொள்கிற மாதிரி அடுப்பு மேடை. கூரைமேல் சோலார் பேனல். ஸ்பிரிங் பட்டை கூட்டி வண்டியை உயர்த்தி, நாலு பக்கமும் கட்டை கட்டையாக ரப்பர் துருத்துகிற பெரிய பெரிய பட்டன் டயர்கள். நான் ஏறுவதற்கு ஒரு ஸ்டூல் வேண்டும். மலையிலும் ஏறும், மணலிலும் போகும் என்று பட்டறைக்காரர் கேரண்டி கொடுத்தார். கரிசலைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

முதல் பயணம் எங்கே? அவர் கொடைக்கானல் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். "முதல்ல எங்க காட்டுக்குப் போவோம்."

எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். எட்டயபுரம் தாண்டி, குளத்தூருக்குப் போகிற வழியில் என் பிறந்த ஊர். ரோட்டை ஒட்டியே மேலக் காடு. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் விவசாயம் பார்க்கிறான். நான் கல்யாணமாகிப் போனதிலிருந்து அவருடைய டிரான்ஸ்ஃபர்களோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இரண்டு வருஷமாகத்தான் கோவில்பட்டியில் இருக்கிறேன். ஆனால் வாய் மட்டும் கரிசலை விட்டு நகர்ந்ததே இல்லை. கரிசக்காட்டுக்காரி, கரிசக்காட்டுக்காரி என்று எத்தனை தடவை இந்தப் பத்தியில் என்னை நானே மெச்சிக்கொண்டிருக்கிறேன்?

புரட்டாசி மாதம். மத்தியான வெயில். அண்ணனிடம் சொல்லவில்லை – சர்ப்ரைஸ் கொடுக்கலாம் என்று. ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு அவர் காட்டைப் பார்த்தார். மண் பொடிப்பொடியாக உழுது, கோடு கோடாகக் கிடந்தது. உழுதுபோட்ட மாதிரி இருக்கிறதே, இறக்கலாமா என்று கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார். பேங்க்கில் விவசாயக் கடன் கொடுத்த மனுஷர்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது கோடை உழவு. மழை பெய்யாம எவன் விதைப்பான்? சும்மா கிடக்கு, இறக்குங்க. எங்க நிலம்தானே?"

இறக்கினார். வண்டி குலுங்கி இறங்கி ஜம்மென்று போயிற்று. ஸ்பிரிங்கை டெஸ்ட் பண்ண வேண்டும் என்றார். லைசென்ஸ் எடுக்கும்போது எட்டுப் போடுவோமே, அது மாதிரி பெரிய பெரிய எட்டாகப் போட்டார். புழுதி ஆள் உயரத்துக்கு எழும்பியது. நான் வரப்பில் நின்று வீடியோ எடுத்தேன். 'இன்னும் ஒரு ரவுண்டு' என்று கத்தினேன். ஆமாம்… கத்தியது நான்தான்.

வீடியோவை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'அப்பா நிலத்தில் எங்க வண்டி' என்று ஒரு வரியும் எழுதினேன். பெங்களூரில் இருக்கிற பிள்ளை கைதட்டினான். சித்தி மகள் நெருப்புப் படம் விட்டாள். அண்ணன் கட்டைவிரல் மட்டும் தூக்கிக் காட்டியிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனே வந்தான். பைக்கை ரோட்டில் நிறுத்திவிட்டு, வரப்பு மேலேயே சுற்றிக்கொண்டு வந்தான். நாங்கள் நிற்பது காட்டுக்கு நட்ட நடுவில். "குறுக்க வாண்ணே" என்று நான் கூப்பிட்டேன். அவன் கேட்காத மாதிரி ஒரு மூலைக்குப் போய், அங்கிருந்து நாங்கள் வந்த டயர்த் தடத்திலேயே அடியெடுத்து வைத்து வந்து சேர்ந்தான். வயதாகிவிட்டது, கால் வலி போல என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

வந்தவன் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினான். "வாங்க மாப்ள. வீட்டுக்கு வராம இங்கன வெயில்ல கெடக்குதீங்களே. மேக்க கறுத்திருக்கு. வண்டிய ரோட்ல ஏத்திப் போட்டுட்டு வந்துருங்க, ஒரு வாய் சாப்பிடலாம்."

மாப்பிள்ளை விடுவாரா? டயரைக் காட்டினார். அடுப்பை இழுத்துக் காட்டினார். சோலாரில் ஃபேன் சுற்றுவதைக் காட்டினார். காப்பி போட்டுக் கொடுத்தார். அண்ணன் பிளைவுட் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து குடித்தான். நல்லாயிருக்கு மாப்ள என்றான். கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு தடவை, வண்டியை ரோட்டுக்கு எடுத்துவிடலாமே என்று கேட்டான். எந்த மழைக்கும் இது அசையாது என்றார் இவர். நீ பயப்படாதே அண்ணே, நாங்கள் கேம்ப்பிங் வந்திருக்கிறோம் என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

அண்ணன் ஒரு நிமிஷம் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் வந்த தடத்திலேயே திரும்பிப் போய்விட்டான்.

சாயங்காலம் மழை பிடித்தது. லேசான மழை இல்லை. எங்கள் சீமையில் ஆறு மாதமாகப் பார்க்காத மழை. முதலில் ரசித்தோம். கூரையில் சத்தம், கையில் டீ… பிறகு வெளியே எட்டிப் பார்த்தால் காடு கறுப்பு அல்வாவாக ஆகிக்கொண்டிருந்தது. சரி, ரோட்டுக்குப் போய்விடலாம் என்று ஸ்டார்ட் பண்ணினார். கரிசல் மண்ணைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள். பட்டன் டயரில் பட்டன் எங்கே? ஒரே சுற்றில் களி அப்பிக்கொண்டு நாலும் நாலு உருண்டையாகிவிட்டன. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி கீழேதான் போனது. மலையும் மணலும் ஏறுகிற வண்டி இருந்த இடத்திலேயே குழி பறித்து உட்கார்ந்துவிட்டது.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, விழுந்து எழுந்து ரோட்டுக்கு வந்தோம். அங்கே சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு அண்ணன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று கேட்கக் கூட எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் வெந்நீர் தயாராக இருந்தது. மதினி புதுத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். மழை பெய்த சந்தோஷம் அவர் முகமெல்லாம்.

"அண்ணாச்சி, புழுதியில போட்ட வெதைக்கு இதுக்கு மேல என்ன மழை வேணும்? ஒங்க மேலக் காடு பூராம் மொளைச்சிரும்லா."

அண்ணன் சட்டென்று எழுந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டான். என் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

மழை வருவதற்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு மூடிவிடுவது எங்கள் பக்கத்து முறை. மழை பெய்தபிறகு கரிசலுக்குள் காலையே வைக்க முடியாது, அப்புறம் எங்கே விதைப்பது? அதனால் விதை முன்னதாகவே உள்ளே போய் மழைக்குக் காத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சும்மா கிடக்கிற மாதிரிதான் தெரியும். மிதிக்கக் கூடாது. இது சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விதைத்த காட்டில் குறுக்கே ஓடியதற்காக அப்பாவிடம் அடி வாங்கியவள் நான்.

மழை பெய்யாம எவன் விதைப்பான்? இந்த வாய்தான் சொன்னது.

அடுப்படிக்குப் போய் மதினியிடம் கேட்டேன். மேலக் காட்டில் விதைத்திருக்கிறதா என்று. போய்ச் சாப்பிடு என்றாள். நான் விடவில்லை. உளுந்து என்றாள். இந்த வருஷத்துக்கு அது ஒன்றுதான் விதைப்பு என்பதை அவள் சொல்ல வேண்டியதில்லை. மானாவாரிக்கு இரண்டாவது வாய்ப்பு எப்போது இருந்தது?

"அப்போ அண்ணன் ஏன் மதினி சொல்லலை? விதைச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மழைக்கு முன்னாடியே ஏறியிருப்போமே?"

மதினி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "வீடியோவப் பாத்துட்டு சாப்பிட்ட கையோட எந்திச்சு ஓடி வந்தாவ அவிய. திரும்பி வந்ததும் நானும் இதத்தான் கேட்டேன். மாப்பிள்ளைக்கு முன்னால எந் தங்கச்சிய வெவரங்கெட்டவள்னு ஆக்கச் சொல்லுதியா, காடு போனா போவுதுன்னு சொல்லிட்டாவ."

நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

முன்பின் தெரியாத ஒருத்தன் அந்தக் காட்டில் வண்டியை இறக்கியிருந்தால், அண்ணன் போடுகிற சத்தத்தில் அவன் பின்னங்கால் பிடரியில் பட ஓடியிருப்பான். காடும் பிழைத்திருக்கும். நான் தங்கச்சி. கட்டிக்கொடுத்த பெண். வந்தால் கோழி அடிக்க வேண்டும், போகும்போது பை நிறையக் கொடுத்துவிட வேண்டும், ஒரு சுடுசொல் சொல்லக் கூடாது. பிறந்த வீட்டு மரியாதை என்று இதைத்தானே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம்? அந்த மரியாதைக்கு அண்ணன் தன் விதைப்பைக் கொடுத்திருக்கிறான். நான் அதன்மேல் நின்று வீடியோ எடுத்திருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.  "நான் கேட்டேனே" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட எனக்குச் சண்டை போடவாவது வழி கிடைத்திருக்கும்.

மறுநாள் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். வேன் அங்கேயே நின்றது. கரிசல் காய்கிற வரை டிராக்டர் உள்ளே போகாது. ரோட்டை ஒட்டிய காடு வேறு. போகிற வருகிற பஸ் ஜனம் முழுக்க, விதைத்த காட்டின் நடுவில் ஃபேனும் சோலாரும் வைத்த வண்டியைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறது. யார் வண்டி என்று கேட்டவர்களிடம் எல்லாம், மெட்ராஸ்காரர் யாரோ வழி தெரியாமல் இறக்கிவிட்டார் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். மதினி போனில் சொன்னாள். அந்த மெட்ராஸ்காரரை நினைத்து நான் அழுதேன்.

ஒரு வாரம் கழித்து டிராக்டர் உள்ளே போகலாம் என்று தகவல் வந்தது. பஸ் பிடித்துப் போனோம். ரோட்டில் இறங்கியதும் தெரிந்துவிட்டது. காடு முழுக்க உளுந்து இரண்டு இலை விட்டு வரிசை வரிசையாக முளைத்திருந்தது. நடுவில் மட்டும் பெரிது பெரிதாக எட்டுகள். மொட்டைக் கறுப்பாக, ஒன்றின்மேல் ஒன்று. யாருக்கும் விளக்க வேண்டியதே இல்லை. இன்னும் ஒரு ரவுண்டு என்று நான் கத்தினேனே, அந்த ரவுண்டையும் அதில் கண்டுபிடித்துவிடலாம் போலிருந்தது.

டிராக்டர் அந்தத் தடத்திலேயே பின்னாலே போய், சங்கிலி கட்டி, வேனை இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு முளையும் கூடுதலாக மிதிபடக் கூடாது என்று அண்ணன் கூடவே நடந்தான். அப்போதும் என் வீட்டுக்காரரிடம், "மாப்ள, நீங்க நெழல்ல இருங்க" என்றான். இவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு அவனுக்குப் பின்னாலேயே போனார்.

மதினி ஒரு களைக்கொத்தும் மடி நிறைய விதையுமாகத் தடத்தில் இறங்கினாள். ஈரம் காய்வதற்குள் மொட்டை விழுந்த இடத்தில் திரும்ப ஊன்ற வேண்டுமாம். வந்த மட்டும் லாபம். நானும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினேன். நீ போய் வீட்டில் இரு, ஆள் வருகிறது என்று அண்ணன் சொன்னான். தடுக்கிற குரலில் அல்ல… விருந்தாளிக்குச் சொல்கிற குரலில். அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் கேட்கவில்லை. மதினியிடமிருந்து ஒரு கை விதையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

டயர் ஏறிய மண் கல்லாக இறுகியிருந்தது. கொத்திக் கிளறி, குழி தோண்டி, விதை போட்டு, மூடி… குனிந்த முதுகு நிமிரவில்லை. யாரையும் நிமிர்ந்து பார்க்கிற தைரியமும் இல்லை. ஒரு எட்டில் பாதி முடித்திருப்பேன். பின்னால் அண்ணன் வருகிற சத்தம் கேட்டது. நின்றான். நான் மூடிய குழி ஒன்றை விரலால் நோண்டிப் பார்த்தான்.

"ஏட்டி… வெத ஊனுதியா, கெணறு வெட்டுதியா? இவ்வளவு ஆழத்துல போட்டா அது எந்தக் காலத்துல மொளைக்கும்? ஒரு விரக்கடை போதும்னு ஒனக்குத் தெரியாதா? அறிவில்ல? எடு எல்லாத்தையும், மறுபடி ஊனு."

காடு முழுக்கக் கேட்டிருக்கும். கல்யாணமாகிப் போன பிறகு அண்ணன் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளை பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார்.