கிண்ணத்தின் அடியில் ஒரு ராஜா பெயர்

அமெரிக்காவில் சன்னிவேலுக்கு வந்த இரண்டாவது வருஷம், பின்தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களை விற்ற கராஜ் சேலில் அந்தக் கிண்ணத்தை வாங்கினேன். வெள்ளைப் பீங்கான். உள்ளே கருநீலத்திலும் செங்கல் சிவப்பிலும் செவ்வந்திப் பூக்கள், விளிம்பில் தேய்ந்த தங்கக் கோடு. ஜப்பானியப் பழம்பொருள் என்பதற்கு மேல் விற்ற பெண்மணிக்கு எதுவும் தெரியவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நீலத்தில் சில எழுத்துகள். செய்தவர் பெயராகத்தான் இருக்க வேண்டும். அது யார் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

அப்போது எனக்கு வேலை செய்ய அனுமதியில்லாத விசா. கோயம்புத்தூரில் காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் நாள் முழுக்க நின்று பழகியவள் நான். இங்கே கணவர் கம்பெனி ஷட்டில் பஸ் ஏறிப் போனபின் வீடு வெறிச்சென்று கிடக்கும்.

"ஷோகேஸ்ல வெச்சுட்டு விடேன். யார் செஞ்சா என்ன?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியணும்."

கீழ்வீட்டில் ஒரு ஜப்பானியப் பெண் இருந்தாள். அவளும் கணவன் வேலைக்காக வந்தவள்தான். துணி துவைக்கும் அறையில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். கிண்ணத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டினேன். எழுத்துகளைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இது ஜப்பான் பெயரே இல்லை. சீனாவில் இருந்த ஒரு ராஜாவின் பெயர்."

"ராஜாவா செய்தார்?"

"இல்லை, இல்லை. அவர் காலத்துப் பீங்கானுக்கு மதிப்பு அதிகம். அதனால் எங்கள் ஊரில் அதைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள்."

எனக்குக் கோபம் வந்தது. பாடுபட்டது ஒருத்தர், பெயர் மட்டும் எங்கேயோ இருந்த ராஜாவுக்கா? என் முகத்தைப் பார்த்துவிட்டு, மியூசியத்தில் கேட்கலாம், நானும் வருகிறேன் என்றாள்.

ரயிலேறி சான் ஃபிரான்சிஸ்கோ போனோம். பீங்கான் பகுதியைக் கவனித்துக்கொள்ளும் அம்மாள் கிண்ணத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்பப் பழசுதான். ஆனால் ஒரே ஆளைத் தேடாதீர்கள். வனைந்தவர் ஒருவர், கோடு போட்டவர் ஒருவர், சிவப்பு பூசியவர் இன்னொருவர். யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை."

"கண்டுபிடிக்க வழியே இல்லையா?"

"இல்லை" என்றவர், கிண்ணத்தின் அடிவளையத்துக்குப் பக்கத்தில் இருந்த மங்கலான பள்ளங்களைக் காட்டினார். பளபளப்புப் பூச்சில் முக்கும்போது யாரோ பிடித்திருந்த விரல்களின் தடம். அதில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அந்த விரல்கள் என்னுடையவற்றைவிடச் சின்னவை.

திரும்பும் ரயிலில் தோழி கேட்டாள், "இப்போது போதுமா?"

"போதாது. பெயர் கிடைக்காவிட்டால் போகட்டும். அந்தக் கை என்ன பாடுபட்டது என்றாவது தெரிந்துகொள்கிறேன்."

பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் மண்பாண்ட வகுப்பில் இருவரும் சேர்ந்தோம். முதலில் கப் செய்து பழகச் சொன்னார் ஆசிரியர். கிண்ணம்தான் செய்வேன் என்றேன். சக்கரம் சுற்றும், மண் ஒருபக்கமாக இழுக்கும், சுவர் கொஞ்சம் எழும்பியதும் பொத்தென்று உட்காரும். வழித்தெடுத்து, பிசைந்து, மறுபடி உட்காருவேன். தோழி வரிசையாகக் கப் செய்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். என் தோள்பட்டை இரவெல்லாம் வலிக்கும். வகுப்பு முடியும் தறுவாயில்தான் என்னுடையது ஒன்று சரியாமல் நின்றது. சூளையிலிருந்து வந்தபோது கோணலாக, குழவிக்கல் கனத்தில் இருந்தது.

அன்று கணவருக்கு அதில்தான் தயிர்சாதம். ஊறுகாயோடு ரசித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கினார். மேஜையில் ஈர வட்டம்.

"ஏய், ஒழுகுதுடி!"

மேஜையைத் துடைத்தேன். மறுநாள் காலை பஸ் பிடித்துப் போய் அடுத்த செமஸ்டருக்கும் சேர்ந்தேன்.