என் சாறியை உதாரணம் காட்டியபோது

எனக்குச் சாறி என்றால் பைத்தியம். பருத்திச் சாறிக்குக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் உடுத்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுத்தான் திருகோணமலையில் நான் வேலை செய்த அரசாங்க அலுவலகத்துக்குப் போய்வருவேன். என் உம்மாவும் அப்படித்தான் உடுத்தார். எங்கள் பெண்கள் ஒவ்வொருவராக உடம்பை மூடும் நீண்ட கறுப்பு அங்கியான அபாயாவுக்கு மாறியபோதும் நான் மாறவில்லை. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த என் கணவரின் சித்தப்பா, நாங்கள் சாச்சா என்போம், என்னைக் காணும்போதெல்லாம் புத்தி சொல்லுவார். "சாச்சா, என்ட கபுறுக்குள்ள நான்தான் கிடக்கப் போறன், நீங்க இல்ல" என்று ஒருநாள் சொன்ன பிறகு கொஞ்சம் அடங்கினார். என் மகளோ அபாயாதான் உடுப்பாள். இந்த வெயிலுக்குக் கறுப்பா என்று அவளோடும் எனக்குச் சண்டை.

ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த வருடம், முகத்தை மூடக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. நான் வாய் திறக்கவில்லை. முகம் தெரியாத ஆளைக் கண்டு மற்றவர்கள் பயந்த காலம் அது. அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு அரசாங்க அலுவலகங்களில் பெண்கள் சாறிதான் உடுக்கவேண்டும் என்று சுற்றுநிருபம் வந்தது. நான்தான் சாறிக்காரியாயிற்றே, எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பிரிவுக்குப் புதிதாக நியமனம் பெற்று ஒரு பிள்ளை வந்திருந்தாள். குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அபாயா, தலைக்கு ஸ்கார்ஃப். முகம் எப்போதும் திறந்துதான் இருக்கும். அவளுடைய வாப்பா நோயில் படுத்துவிட்டார். வீட்டில் உழைப்பது அவள் ஒருத்திதான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

சுற்றுநிருபம் வந்த மறுநாள் காலை அவள் வரவுப் பதிவில் கையெழுத்து வைக்கப் போக, எங்கள் அதிகாரி புத்தகத்தை மூடிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது தன்னுடைய வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்.

"நான் என்ன தங்கச்சி செய்யிறது, மேலயிருந்து வந்த உத்தரவு. இண்டைக்கு வீட்டை போங்கோ. நாளைக்கும் இப்பிடி வந்தா, வரேல்லை எண்டுதான் எழுதவேண்டி வரும். அது உங்கட வேலைக்குத்தான் கூடாது" என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "இவவைப் பாருங்கோ. இவவும் முஸ்லிம்தானே. எவ்வளவு வடிவா சாறி உடுத்து வாறா. இவவுக்கு ஏலுமெண்டா உங்களுக்கு ஏன் ஏலாது?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் சாறியை எத்தனையோ பேர் புகழக் கேட்டு சந்தோசப்பட்டிருக்கிறேன். அந்தப் புகழ்ச்சி மட்டும் உச்சந்தலைவரை சுட்டது.

வெளியே படியில் நின்று அழுதுகொண்டிருந்தவளிடம் போனேன். "சாறி உடுக்கத் தெரியாதா பிள்ள?"

"தெரியும் ராத்தா. கலியாண வீட்டில பொம்பிளையளுக்குள்ள உடுத்திருக்கன். ஆனா நாலு ஆம்பிளையளுக்கு முன்னால இது இல்லாம நிண்டா, உடம்பில ஒண்டுமே இல்லாம நிக்கிற மாதிரி இருக்கும். ஆரும் சொல்லி நான் உடுக்கல்ல." கண்ணைத் துடைத்தாள். "வேலையையும் விட ஏலாது ராத்தா. இதையும் விட ஏலாது."

உண்மையைச் சொன்னால், அவள் சொன்னது எனக்கு முழுதாக விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் எனக்கு விளங்கினால்தான் அவள் உடுக்கலாமா? சாச்சா சொல்லி நான் அபாயா போடவில்லை. அரசாங்கம் சொல்லி இவள் ஏன் கழற்றவேண்டும்? முகத்தைக் காட்டு, அடையாள அட்டையைக் காட்டு என்று அவர்கள் கேட்கட்டும். கழுத்துக்குக் கீழே அவர்களுக்கு என்ன அலுவல்? "நாளைக்கு இதே உடுப்போட வா, ஒபிஸ் கேட்டடியில நில்லு" என்று சொல்லி அவளை அனுப்பினேன்.

அடுத்தநாள் காலையில் மகளின் அபாயாவைக் கேட்டு வாங்கினேன். அவள் குள்ளம், எனக்கு அது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, நான் கேட்காமலே ஸ்கார்ஃபுக்கு ஊசி குத்திவிட்டாள்.

கடைவாசலில் சாச்சா நின்றார். "மாஷா அல்லாஹ்! கடைசியில திருந்திட்டாய்" என்றார், முகமெல்லாம் பல்லாக. இத்தனை வருசம் போட்ட சண்டையை அவருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. திரும்பிப்போய் உடுப்பை மாற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். "உங்களுக்காக இல்ல சாச்சா" என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினேன்.

அந்தப் பிள்ளை கேட்டடியில் நின்றாள். என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே அதிகாரியின் மேசைக்குப் போனேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன மிஸ் இது?"

"இந்தப் பிள்ளை வரேல்லை எண்டு எழுதினா என்னையும் வரேல்லை எண்டு எழுதுங்கோ சேர். ரெண்டு பேரும் போறம். ஆனா காரணத்தையும் உங்கட கையாலயே எழுதித் தாங்கோ."

சுற்றுநிருபம் மேசையில்தான் கிடந்தது. அதை ஒருமுறை பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "மேலயிருந்து கேட்டா நான் கதைக்கிறன்" என்றார். அவள் கையெழுத்து வைத்துவிட்டுத் தன் கதிரைக்குப் போனாள்.

அடுத்து நான் கையெழுத்து வைக்கக் குனிந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். உண்மையான கவலை அவர் முகத்தில் இருந்தது.

"மிஸ், ஒளிக்காமச் சொல்லுங்கோ. இவ்வளவு காலமும் இல்லாம இப்ப உங்களை இதை உடுக்க வைச்சது ஆர்? வீட்டுக்காரரா?"

"இல்லை சேர்" என்றேன். "நீங்கள்தான்."